மரமற்ற வழிக்குச் சாலையென்று பெயரா?

சாலை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். நெடுஞ்சாலை என்கின்றோம், கூட்டுச்சாலை என்கின்றோம், சாலைவரி கட்டுகின்றோம், சாலைமறியல் செய்து சிறை புகுகின்றோம். ஆயினும், அச்சொல்லுக்குள்ளே இரண்டு மரவரிசைகள் நின்றுகொண்டிருக்கின்றன என்பதை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? பழைய அகரமுதலிகளைப் புரட்டிப் பாருங்கள். இருமருங்கும் மரஞ்செறிந்த வழி என்று அவை சாலைக்குப் பொருள் வரைந்திருக்கக் காண்பீர்கள். மாந்தன் கால்பட்டுத் தேய்ந்த தடத்திற்கு வழி, நெறி, அதர், ஆறு என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் உண்டு. மரம் நிழல்செய்யும் வழிக்கோ தனியாக ஒரு சொல் இருந்தது. மரங்களை வெட்டியெறிந்துவிட்டுக் கருங்கல்லும் கீலும் கொட்டிப் பரப்பிய வெற்றுத் தரையை அச்சொல்லால் அழைப்பது, நீர் வற்றித் தூர்ந்த குழியை ஏரியென்று அழைப்பதை ஒக்கும். பெயர் நின்றது, பொருள் போயிற்று.

சொல்லாராய்ச்சிக்காக இதனை எழுதவில்லை. சென்னைக்கு வடக்கே பொன்னேரி வட்டத்தில் இக்கால் நடந்துவருவதைக் கண்டே எழுதுகின்றோம்.

அந்நிலத்தின் ஊர்ப்பெயர்களை முதலில் கேளுங்கள். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் பெருங்காயலின் கரையிலுள்ள ஊர் பழவேற்காடு. வேறு பொருள் கூறுவாரும் உளர். எனினும், வேல் என்னும் மரம் அடர்ந்த காடு வேற்காடு, அது பழமையானதாகலின் பழவேற்காடு என்பதே நமக்கு நேரிதாகப் படுகின்றது. சென்னைக்கு மேற்கேயுள்ள திருவேற்காட்டையும் உடன்வைத்து நோக்குக. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டிற்குப் போகும் வழியில் திருப்பாலைவனம் வருகின்றது. பாலை என்பது அங்கே கோயில்மரம். அம்மரத்தின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. (வனம் என்னும் வடசொல் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, பாலைமரம் அதற்கு முன்பே அங்கே நின்றது.) தொடர்வண்டித் தடத்தில் அத்திப்பட்டு இருக்கின்றது, அதற்கு அத்திமரம். மரத்தைக் கொண்டு ஊரை அடையாளம் சொன்ன மக்கள் வாழ்ந்த நிலம் இது. அத்தி இல்லாத அத்திப்பட்டிலும், வேலமரம் மறைந்து சீமைக்கருவேல் பெருகிய வேற்காட்டிலும் அவர்தம் பெயரர் இன்று வாழ்கின்றனர்.

இந்நிலத்தின் மேல்தான் அரசுகளின் பெருந்திட்டங்கள் அடுக்கடுக்காக வந்திறங்கியுள்ளன. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அதனையடுத்துக் காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம் எழுந்தது. வடசென்னையிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 2014ஆம் ஆண்டு நடுவணரசின் வரவு செலவுத் திட்டத்தில், சென்னை – பெங்களூரு தொழில்வழித்தடத்தில் அமைக்கப்பெறும் மூன்று புதிய திறன்மிகு நகர்களுள் ஒன்றாகப் பொன்னேரி அறிவிக்கப்பட்டது. 2021இல் பேரூராட்சியாயிருந்த பொன்னேரி நகராட்சியாயிற்று. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரத்தருகே சென்று முடியுமாறு, ஏறத்தாழ 133 கி.மீ. நீளத்திற்குச் சென்னை எல்லைச் சாலை திட்டமிடப்பட்டுக் கட்டப்பட்டு வருகின்றது. துறைமுகப் பெட்டகங்களைச் சுமந்துசெல்லும் சரக்குந்துகளுக்குத் தடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அத்தடத்தின் ஓரத்தில் வாழ்பவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் யார் என்பதே நம் வினா.

சாலையைச் சரக்குந்து ஓட்டுபவன் மட்டும் ஆள்வதில்லை. விடியலில் காயலிலிருந்து இறங்கிய இறாலையும் மடவையையும் கூடையில் நிரப்பிக்கொண்டு பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் வரும் மீனவப் பெண் அதில் நிற்கின்றாள். குப்பத்திலிருந்து பள்ளிக்கு நடக்கும் சிறுவன் அதில் நிற்கின்றான். வேலை தேடி முச்சந்தியில் காத்திருக்கும் கூலியாள் அதில் நிற்கின்றான். குளிர்பெட்டி பூட்டிய மகிழுந்தில் செல்பவனுக்குச் சாலைமரம் கண்ணாடிக்கு வெளியே ஓடும் ஒரு காட்சி. சித்திரைத் திங்களில் உச்சிப்பொழுதில் மீன்கூடையோடு பேருந்துக்கு நிற்பவளுக்கோ அதுவே கூரை. வெயிலில் அரைமணி நேரம் கூடுதலாக நின்றால் மீன் கெடும். மீன் கெட்டால் அன்றைய உலை கெடும். ஒரு மரத்தின் நிழல் எவ்வளவு பெறும் என்று கணக்கிடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்ப்பாராக.

முன்பிருந்த நெடுஞ்சாலைத் துறையினர் இக்கணக்கை ஒருவாறு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டின் பழைய பெருவழிகளில் புளியமரங்கள் எப்படி நின்றன என்பதை நாற்பது அகவை கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மரத்திற்கும் ஓர் எண். அடிமரத்தில் வெள்ளையும் கருப்புமாகப் பூசிய பட்டை, இரவில் வண்டிக்காரன் வழியின் ஓரத்தை அறிந்துகொள்வதற்காக. ஆண்டுதோறும் புளி குத்தகைக்கு விடப்பட்டது. அரசுக்கு வருவாய், குத்தகையெடுத்தவனுக்குப் பிழைப்பு, உலுக்கிப் பொறுக்கிய பெண்களுக்குக் கூலி. எண்ணிட்ட பொருள் கணக்கில் வந்தது. கணக்கில் வந்த பொருளுக்கு ஒருவன் விடை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மரம் குறைந்தால் பதிவேட்டில் ஓர் எண் குறைந்தது. அவ்வளவு எளிய ஏற்பாடுதான் பல தலைமுறைக் காலம் அம்மரங்களைக் காத்தது. மதுரையை ஆண்ட மங்கம்மாள் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த வழிகளும் மரநிழலாலேயே இன்றளவும் நினைக்கப்படுகின்றன. அவள் போரிட்ட களங்களை மக்கள் மறந்துவிட்டனர்.

பின்னர் நான்கு வழி என்றனர். ஆறு வழி என்றனர். அகலம் எங்கெங்கு வேண்டப்பட்டதோ அங்கெல்லாம் முதலில் வீழ்ந்தது புளியமரம்தான். பஞ்செட்டி, தச்சூர் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலையும் இதற்கு விலக்காகவில்லை. மரத்தில் மோதி உயிர்கள் போகின்றன என்று அதற்கு ஒரு கரணியமும் சொல்லப்பட்டது. ஓடாத மரத்தின் மேல் பழி; ஓடிவந்து மோதியவனின் விரைவின்மேல் பழியில்லை!

வெட்டிய மரங்களுக்கு ஈடாக இன்று என்ன நிற்கின்றது? பல நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளி நிற்கின்றது. எதிரே வரும் ஊர்தியின் விளக்கொளி கண்ணிற் படாமல் தடுக்க அது பயன்படும். ஆடு மாடு கடிக்காது. தண்ணீரும் மிகுதியாக வேண்டாது. நல்லதுதான். எனின், நடுத்திட்டில் நிற்கும் அரளியின் நிழலில் எந்தக் கிழவி இளைப்பாறுவாள்? ஊர்திக்காக நடப்பட்ட செடி அது. ஆளுக்காக நடப்படும் மரம் ஓரத்தில் அன்றோ இருக்க வேண்டும்!

சட்டத்திலும் திட்டத்திலும் குறையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் நடுவணரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கையை வெளியிட்டுத் திட்டச் செலவில் நூற்றுக்கொரு பங்கை மரம் நடுதற்கும் பேணுதற்கும் ஒதுக்குமாறு வகுத்தது. 2021இல் தமிழ்நாட்டரசு மாவட்டந்தோறும் ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட பசுமைக் குழுவை அமைத்தது. பொதுநிலத்து மரத்தை வெட்டுவதற்கு அக்குழுவின் இசைவு வேண்டும். 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்காக உள்ள காட்டையும் மரப்பரப்பையும் 33 பங்காக உயர்த்துவது அதன் குறிக்கோள். இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. ஆயினும், ஒரு மரத்திற்குப் பத்துக் கன்று என்னும் ஈட்டுக் கணக்கில் ஒரு பெரும் பொய் ஒளிந்திருக்கின்றது. அறுபதாண்டு நின்ற புளியின் நிழலை, ஓரடி உயரமுள்ள பத்துக் கன்றுகள் நாளை காலையே தந்துவிடா. அப்பத்தும் வெட்டிய இடத்திலேயே நடப்பெறுவதுமில்லை. சாலை அகன்றுவிட்டதால் அங்கே இடமில்லை. எங்கோ ஒரு புறம்போக்கில் நடப்பெறும். நிழலை இழந்தவள் இவ்வூரில் நிற்க, நிழல் வேறோர் ஊரில் வளர்கின்றது, வளர்ந்தால்!

இவ்விடத்தில் நம் முன்னோரை நினையாமல் இருக்கவியலவில்லை. பறம்பின் தலைவன் பாரி, படர்வதற்குக் கொழுகொம்பின்றி வழியில் துவண்டுகிடந்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனான் என்று பள்ளிப்பிள்ளைக்கும் சொல்லித் தருகின்றோம். அதனைக் கொடைமடம் என்று வியந்து விட்டுவிடுகின்றோம். செடிக்காகத் தேர் விலகிநின்ற கதையன்றோ அது? இன்று தேருக்காக மரம் விலக வேண்டியிருக்கின்றது. நெய்தல் நிலத்துக்கே உரிய மற்றொரு செய்தி நற்றிணையின் 172ஆம் பாட்டில் இருக்கின்றது. தாய் சிறுமியாயிருந்தபோது விளையாட்டாக மணலில் புதைத்து, பின்பு பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த புன்னையை, அவள் தன் மகளிடம் உன் தமக்கை என்று சொல்லிவைத்திருக்கின்றாள். அதனால் அம்மரத்தின் அடியில் காதலனோடு நகைத்துப் பேச அப்பெண் நாணுகின்றாள். மரத்தை உடன்பிறந்தாளாக எண்ணிய மக்கள் கடற்கரை மக்கள். பழவேற்காட்டுக் குப்பங்களில் இன்று வலை பின்னுவோரைப் போன்றவர்கள்.

2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. பாரியையும் புன்னையையும் அரங்கிலே புகழ்ந்தோம். அம்மாநாட்டிற்கென்று அகலமாக்கப்பட்ட அவிநாசிச் சாலையில் நெடுநாள் நின்ற மரங்கள் அதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தன. தமிழுக்கு எடுத்த விழாவிலேயே சாலை தன் பொருளை இழந்தது. தமிழன்பர்களாகிய நமக்கே இது உறைக்கவில்லையென்றால் பிறரை நோவதில் பயனில்லை.

இனி, எஞ்சிய மரங்கள் ஏன் நிற்பதில்லை என்பதையும் பார்ப்போம். 2016 திசம்பர் 12ஆம் நாள் வர்தாப் புயல் சென்னையையும் அதன் வடபுறத்தையும் தாக்கியபோது சாலைமரங்கள் கணக்கின்றிச் சாய்ந்தன. உடனே, மரம் என்றாலே கேடு என்று பேசத் தொடங்கினர் சிலர். சாய்ந்தவை எவை? விரைவில் வளர்ந்து பூத்துக் கண்ணைக் கவர்வதற்காக நடப்பட்ட, ஆழ வேரோடாத அயல்மரங்கள் அவற்றுள் மிகுதி. வேம்பும் புங்கமும் பனையும் ஒப்புநோக்கக் குறைவாகவே சாய்ந்தன. அதனினும் பெரிய குற்றம் மரத்தினுடையதன்று. வடிகாலுக்கும் மின்கம்பிக்கும் தொலைப்பேசிக் கம்பிக்கும் குழாய்க்கும் என்று ஆண்டுதோறும் ஒவ்வொரு துறையாக வந்து தோண்டி, ஒரு பக்கத்து வேரை முழுதுமாக அறுத்துவிட்டார்கள். பிறகு அடிமரம் வரையிலும் சிமிட்டிக் காரையைப் பூசி மூடினார்கள். காற்றும் நீரும் புகாத வேர் அழுகும். ஒருபக்க வேரில் நிற்கும் மரம் காற்றுக்கு எதிர்நிற்காது. தில்லியில் 2013இல் நாட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவிற்குக் காரை இருத்தலாகாதென்று ஆணையிட்டது. அவ்வொரு மீட்டர் மண்ணை நம் நகராட்சிகளில் எத்தனை மரங்களுக்கு விட்டுவைத்திருக்கின்றார்கள் என்று, இதைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் தெருவில் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

அந்த வெற்றுமண் மழைநீரையும் உள்வாங்கும். ஆரணியாறும் கொற்றலையாறும் கடலைச் சேரும் தாழ்நிலம் பொன்னேரி வட்டம். மேடாக்கிப் போட்ட சாலை அங்கே அணையைப்போல் நீரை மறிக்கின்றது. பழவேற்காட்டுக் காயலுக்குக் குறுக்கே சூலூர்ப்பேட்டையிலிருந்து திருவரிக்கோட்டாவிற்குப் போடப்பட்ட சாலை, காயலின் நீரோட்டத்தையே இருகூறாக்கியதை மீனவர் அறிவர். ஆகவே சாலையோரத்து மண்ணும் மரமும் மதகும் ஒருசேர எண்ணப்பட வேண்டியவை. மரம் நடுபவன் ஒரு துறை, வடிகால் வெட்டுபவன் மற்றொரு துறை என்று பிரிந்திருக்கும்வரை ஒருவன் நட்டதை மற்றவன் பிடுங்கிக்கொண்டேயிருப்பான்.

எந்த மரம் நடுவது? உவர்மண்ணில், உப்புக்காற்றில், கோடையில் நீரின்றி நிற்க வேண்டிய மரங்களை நெய்தல் நிலமே நமக்குக் காட்டியிருக்கின்றது. புன்னை, பூவரசு, புங்கம், பனை, கழியோரத்தில் கண்டல். புன்னையின் விதையெண்ணெய் விளக்குக்கும் படகுக்கும் பயன்பட்டது. பூவரசின் மரம் வண்டிக்கும் ஏருக்கும் ஆகும், இலை சிறுவருக்கு ஊதுகுழலாகும். பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டுமென்று அறிவிக்கப்பட்டது. உள்ளே, பொன்னேரி நகரிலும் தச்சூர்ப் பக்கத்திலும் வேம்பும் மருதும் இலுப்பையும் நாவலும் நன்கு வரும். அயல்நாட்டுச் செடியென்பதற்காக ஒன்றை வெறுத்தொதுக்குகின்றோம் என்று எவரும் கருத வேண்டா. நாம் மேலே புகழ்ந்த புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பர் மரநூலார். பலநூறு ஆண்டுகள் இம்மண்ணில் வேரூன்றி, நம் குழம்பிலும் பழமொழியிலும் கலந்து, தமிழ்ப்பெயர் தாங்கி அது நின்றுவிட்டது. சீமைக்கருவேலும் வெளியிலிருந்து வந்ததே. அது நிலத்தடி நீரையும் பிற செடியையும் விழுங்கிக்கொண்டு தான்மட்டும் பரவுகின்றது. மரத்தில் நாம் பார்ப்பது பிறப்பையன்று. பக்கத்திலுள்ளதை வாழவிடுகின்றதா என்பதையே பார்க்கின்றோம்.

நட்டதை யார் பேணுவது? இங்கேதான் எல்லாத் திட்டங்களும் இடறி விழுகின்றன. ஒப்பந்தக்காரன் நட்டுப் படமெடுத்துப் பட்டியலிட்டுப் பணம் பெற்றுப் போய்விடுகின்றான். முதற்கோடையில் கன்று காய்கின்றது. பழவேற்காட்டு மீனவரிடையே பாடு என்றொரு பழைய முறை உண்டு. காயலில் மீன்படும் இடங்களை ஒருவனே வளைத்துக்கொள்ளாதபடி, தலைக்கட்டு முறையில் இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன இடம் என்று தமக்குள் பங்கிட்டுக்கொள்வது அது. அம்முறையிலும் பூசல்கள் உண்டு. அதில் இடம்பெறாதோரின் மனக்குறையும் உண்டு. எனினும் பொதுப்பொருளை முறைவைத்துக் காக்க எவரிடமும் பாடம் கேட்க வேண்டாத மக்கள் அவர்கள் என்பதற்கு அது சான்று. சாலையோர மரங்களை அந்தந்தக் குப்பத்திற்கும் சிற்றூருக்கும் எண்ணிட்டு ஒப்படைத்து, முதல் மூன்று கோடைக்கும் நீர் வார்ப்பதற்குக் கூலியும், காய்த்தபின் விளைவில் பங்கும் கொடுத்துப் பாருங்கள். திட்டச் செலவின் நூற்றுக்கொரு பங்கு அதற்குப் போதாதா?

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வீற்றிருக்கும் சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். இடநெருக்கடியில் அதற்கு ஈடான நாடு குறைவு. ஆயினும், 1967இல் அந்நாட்டுத் தலைமையமைச்சர் இலீ குவான் இயூ அதனைத் தோட்டநகராக்குவதென்று அறிவித்தபின், 1970 முடிவதற்குள் 55,000க்கும் மேற்பட்ட மரங்கள் புதிதாக நடப்பெற்றன. 2001 முதல் சில பழைய மரச்சாலைகளை மரபுச்சாலைகளென்று அறிவித்து, இருபுறமும் பத்து மீட்டர் அகலத்திற்கு மரங்களுக்குச் சட்டக்காப்பும் அளித்தார்கள். அங்கே சாலை வரைபடத்தில் மரத்திற்கென்று இடம் முதலிலேயே குறிக்கப்படுகின்றது. நம் நாட்டிலோ ஊர்திக்கு ஒதுக்கி, கம்பத்திற்கு ஒதுக்கி, வடிகாலுக்கு ஒதுக்கி, எஞ்சினால் மரம், எஞ்சுவதே இல்லை. இவ்வளவுதான் வேறுபாடு. பணத்தில் இல்லை, வரிசையில் இருக்கின்றது.

பொன்னேரியில் இன்னும் பல சாலைகள் வரைபடத்தாளிலேயே இருக்கின்றன. கட்டி முடித்தபின் கன்று நடக் கேட்பது காலங்கடந்த வேலை. வரையும்போதே கேட்க வேண்டும். நகராட்சி மன்றத்திலும், ஊராட்சிக் கூட்டங்களிலும், மாவட்டப் பசுமைக் குழுவிடத்தும் அன்பர்கள் எழுப்ப வேண்டிய வினா ஒன்றே: சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தில் மரத்தின் இடம் எத்தனை மீட்டர்? பேருந்து நிறுத்தந்தோறும், பள்ளி வாயில்தோறும், மீன் இறங்கும் துறைதோறும் நிழல் எந்தப் பக்கத்தில் விழும்? வெட்டப்படவுள்ள மரங்களின் எண்ணிட்ட பட்டியல் எங்கே? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து உருபா கட்டணத்தோடு எழுதிக் கேட்டால் முப்பது நாளில் விடை தந்தாக வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். வரைபடம் கைக்கு வந்ததும் அதனை எடுத்துக்கொண்டு ஐப்பசி மழைக்கு முன் அவ்விடத்திற்கே சென்று, மரம் என்று குறித்த இடத்தில் மண் இருக்கின்றதா, காரை இருக்கின்றதா என்று பார்த்துவிடுங்கள்.